உப்புக்காற்றில் ஓடும் பழைய கார்: ஃபியூல் பம்ப் பழுதைக் கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

பாம்பன் பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறும். உச்சிப்புளி தாண்டி வேகம் எழுபதைத் தொட்டதும் இழுவை விட்டுப் போகும். வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது. இந்த மூன்றில் எது நடந்தாலும் உடனே காதில் விழும் தீர்ப்பு, “பம்ப் போயிருச்சு.” ஆனால் ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டிப் பக்கமும் ஓடும் பழைய வண்டிகளில் பம்ப் நன்றாகவே இருக்க, அதற்கு வரும் கரண்ட்டோ அது உறிஞ்சும் டேங்க்கோ கெட்டுப்போயிருப்பது சர்வசாதாரணம். எர்த் பாயிண்டை உப்பு அரித்திருக்கும், கனெக்டர் பச்சைப் பூத்திருக்கும், டேங்க் உள்ளே துரு உதிரும். அளந்து பார்க்காமல் புதுப் பம்ப் வாங்கிப் போட்டால் பணமும் போகும், பழுதும் அப்படியே இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சோதனைதான். ஸ்பேனர் வேலை அதற்குப் பிறகு.

இங்கே சொல்வது பெட்ரோல் வண்டிக்கு மட்டும். டீசல் அம்பாசடர், இண்டிகா, பொலிரோ வைத்திருப்பவர்களுக்கு ஃபீட் பம்ப், இன்ஜெக்ஷன் பம்ப் என்று கணக்கே வேறு.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தப் பம்ப்?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800, ஆம்னி, ஜென் ஆகியவற்றில் இருப்பது இன்ஜினிலேயே போல்ட் போட்டு மாட்டிய மெக்கானிக்கல் பம்ப். பழைய மெக்கானிக்குகள் ‘ஏ.சி. பம்ப்’ என்பார்கள். கேம்ஷாஃப்டில் உள்ள எக்சென்ட்ரிக் (மையம் விலகிச் சுற்றும் மேடு) ஒரு லிவரையோ ராடையோ தள்ள, அது டயஃப்ரம் என்ற வளையும் சவ்வை அசைக்க, உள்ளே இருக்கும் இரண்டு சிறு வால்வுகள் பெட்ரோலை ஒரே திசையில் விடும். அழுத்தம் மிகக் குறைவு. வண்டிக்கு வண்டி மாறினாலும் 2 முதல் 5 பி.எஸ்.ஐ.க்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அடங்கிவிடும்.

2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீச்சும் முறை) வந்த பிறகான மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ போன்றவற்றில் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் மின்மோட்டார். மாருதியின் அந்தக் கால எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் சாவி போட்டு இன்ஜின் ஓடாத நிலையில் சதுர சென்டிமீட்டருக்கு 2.7 முதல் 3.1 கிலோ (38 முதல் 44 பி.எஸ்.ஐ.) அழுத்தம் வர வேண்டும். ஐடிலில் 2.1 முதல் 2.6. நிறுத்திய ஒரு நிமிடம் கழித்தும் 2 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். வேறு கம்பெனி வண்டி என்றால் அதன் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

வேலையைத் திறந்த வெளியில் வையுங்கள். மூடிய ஷெட் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து போய்ப் பக்கத்து அடுப்பைத் தேடிப் பிடிக்கும். கடற்காற்று எந்தப் பக்கத்தை நோக்கி அடிக்கிறதோ அந்தப் பக்கம் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது, வெல்டிங்கும் நடக்கக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் டிரை பவுடர் தீயணைப்பானும் இரண்டு வாளி மணலும் இருக்கட்டும்.

இந்தக் கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை, அதுவே ஒரு ஆபத்தும்கூட. மணல் தரையில் ஜாக்கி போட்டால் ஒரு பக்கம் இறங்கி வண்டி சரியும். ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை கொடுங்கள், இல்லையென்றால் சிமெண்ட் தரைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் லைனில் அழுத்தம் நின்றுகொண்டிருக்கும். பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள், தானே அணையும். அதன்பின் இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து ஆவியை விட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் முதல் நட்டைத் தளர்த்தும்போது மேலே துணி சுற்றிக்கொள்வது நல்லது.

டியூப் விட்டு வாயால் உறிஞ்சி டேங்க்கைக் காலி செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். கையால் அமுக்கும் சைஃபன் பம்ப் சல்லிசான விலைக்குக் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் குறையா, ஸ்பார்க் குறையா?

ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, இன்ஜின் உலோகத்தில் உடம்பு படும்படி வைத்து, பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதி செய்தபின் செல்ஃப் அடியுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று ஸ்பார்க் வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஸ்பார்க்கே இல்லை என்றால் பம்பை விட்டுவிட்டு காயில், டிஸ்ட்ரிபியூட்டர், கிராங்க் சென்சார் பக்கம் பாருங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஸ்பார்க்கும் இல்லை, பம்ப் சத்தமும் இல்லை, டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை என்றால் மெயின் ரிலே அல்லது அதற்கு வரும் கரண்ட் போயிருக்கிறது. இதற்குப் பம்ப் மாற்றிய வண்டிகள் நிறைய உண்டு.

கேஸ் கிட் மாட்டிய வண்டிக்குத் தனிக் குறிப்பு. கார்புரேட்டர் மாருதியிலும் ஆம்னியிலும் எல்.பி.ஜி. கிட் போடும்போது பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே பெட்ரோல் சாலினாய்டு ஒன்றைச் செருகுவார்கள். கேஸில் ஓடும்போது பெட்ரோலை அடைப்பது அதன் வேலை. அதன் ஒயர் முனை அரித்துப்போனால் பெட்ரோலுக்கு மாற்றியதும் வண்டி நின்றுவிடும், பழி பம்பின் மேல் விழும். சாவியைப் போட்டு பெட்ரோலுக்கு மாற்றும்போது சாலினாய்டில் ‘டக்’ என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியைக் கேஸிலேயே ஓட்டுபவர்கள் இன்னொரு தப்பு செய்கிறார்கள்: பெட்ரோலை ஒன்றிரண்டு லிட்டரிலேயே வைத்திருப்பது. டேங்குக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். கேஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டிருக்கும் கிட் என்றால், வறண்ட டேங்க்கில் அது வெந்தே சாகும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டி: கரண்ட்டிலிருந்து தொடங்குங்கள்

ஒருவர் சாவியை ஆன் செய்ய, இன்னொருவர் பெட்ரோல் மூடியைத் திறந்து காதை அருகில் வையுங்கள். இரண்டு மூன்று விநாடி ‘உய்ங்’ என்ற சத்தம் வந்து நிற்க வேண்டும். சத்தம் வந்தால் மோட்டார் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் அர்த்தம், அழுத்தம் தருகிறது என்று அல்ல.

சத்தம் இல்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அதே நம்பர் கொண்ட இன்னொரு ரிலேயை, உதாரணமாக ஹார்ன் ரிலேயை, இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரிலே சாக்கெட்டின் பித்தளை நாக்குகளில் பச்சையோ கருப்போ படிந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய் ஒரே மழைக்காலத்தில் மறுபடி அரிக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து நைலான் பிரஷால் துடைத்தால் போதும்.

அடுத்தது இந்தக் கரையில் மிக முக்கியமான சோதனை. பம்ப் கனெக்டரைப் பிரித்து மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், ‘கரண்ட் வருது, பம்ப்தான் டெட்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது ஏமாற்றுக் கணக்கு. உள்ளே இழைகள் அரித்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சிய ஒயர்கூட மீட்டருக்குப் போதுமான வோல்டேஜைக் காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டை இழுப்பதே இல்லை. பம்ப் இழுப்பது 3 முதல் 6 ஆம்பியர். அதனால் பளு கொடுத்துத்தான் அளக்க வேண்டும். பம்புக்குப் பதிலாக ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை அந்தக் கனெக்டரில் மாட்டுங்கள். அது சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்ட பம்பின் பசி. சாவி போட்டதும் அந்த இரண்டு மூன்று விநாடி பல்ப் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலோ, மினுக்கினாலோ குற்றவாளி வழியில் இருக்கிறான்.

எந்தப் பக்கம் என்று பிரிக்க, பல்ப் எரியும்போதே (ரிலேயை ஜம்பர் ஒயரால் நேராக்கினால் தொடர்ந்து எரியும்) மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைக் கனெக்டரின் எர்த் பக்கத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் கனெக்டரின் பாசிட்டிவுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் இழந்தால் ரிலே, ஃபியூஸ் பெட்டி, நடு ஜாயிண்ட் இவற்றில் ஒன்று.

எர்த் ஒயர் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பும் செம்பும் சேர்ந்த இடத்தில் அந்த ஈரம் இருந்தால் அரிப்பு நிற்காது. மீன் பெட்டி ஏற்றும் ஆம்னிகளில் இது இன்னும் மோசம், ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் தேங்கித் தரை ஒயர்களையே ஊற வைத்துவிடும். பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். ஒயரை முனையிலிருந்து வெட்டிக்கொண்டே வாருங்கள், கருப்பு போய்ப் பளபளப்பான செம்பு வரும்வரை. ஈயம் பூசிய புது டெர்மினல் கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதற்குச் சமம்.

கரண்ட் சரி, பல்ப் நன்றாக எரிகிறது, ஆனால் பம்ப் ஓடவில்லை என்றால் சாவி ஆனில் இருக்கும்போது டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். தட்டியதும் ஓடினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம், அடுத்த நாள் தனுஷ்கோடி போக முடியாது.

அழுத்தம் அளப்பது

இதற்கு 0 முதல் 7 கிலோ வரை காட்டும் கேஜும், ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே மாட்ட ஒரு டி-ஜாயிண்ட்டும் தேவை. லைனைக் கழற்றும் இடத்தில் செம்பு வாஷர் இருந்தால் மறுபடி மாட்டும்போது புது வாஷர் போடுங்கள்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, கேஜில் பூஜ்யம்: டேங்குக்குள் பம்பிலிருந்து போகும் சிறு ஹோஸ் கழன்றோ வெடித்தோ இருக்கும், அல்லது பெட்ரோலே இருக்காது. ஃபியூல் மீட்டர் முள்ளை நம்பாதீர்கள், அதன் ஃப்ளோட்டும் துருப்பிடிக்கும். ஐந்து லிட்டர் ஊற்றிப் பாருங்கள்.

ஒன்றரை, இரண்டு கிலோவில் நிற்கிறது: ரிட்டர்ன் லைன் (மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) உள்ள வண்டியில் அதன் ரப்பர் ஹோஸை ஒரு விநாடி மட்டும் அமுக்கிப் பாருங்கள் (நைலான் பைப்பை அமுக்கக் கூடாது, விரிசல் விடும்). கேஜ் சட்டென்று ஏறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, பிரஷர் ரெகுலேட்டர்தான் பெட்ரோலைத் திரும்ப விட்டுக்கொண்டிருக்கிறது. ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயஃப்ரம் கிழிந்தது உறுதி. கேஜ் ஏறவே இல்லையென்றால் ஃபில்டர், டேங்குக்குள் பம்பின் வாயில் மாட்டிய சாக்ஸ் ஸ்டிரெய்னர் (வலை வடிகட்டி), பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஃபில்டரை முதலில் மாற்றிவிட்டு மறுபடி அளப்பதுதான் புத்திசாலித்தனம், செலவு குறைவு.

ஐடிலில் சரியான அளவு, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சரிகிறது: பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. இன்ஜினை நிறுத்தி, லைன் முனையை அளவுக் கேனில் விட்டு, ரிலேயை ஜம்பர் போட்டு 30 விநாடி ஓட்டினால் சுமார் அரை லிட்டர் வர வேண்டும்.

காலையில் மட்டும் நீளமாகச் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, மற்றபடி ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றால், நிறுத்தியதும் அழுத்தம் வடிகிறது. பம்பில் உள்ள ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் மூன்றில் ஏதாவது ஒன்று. இதற்காக மட்டும் அவசரமாகப் பம்ப் மாற்றத் தேவையில்லை. ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை இரண்டு முறை ஆன் செய்து அணைத்தால் லைன் நிரம்பிவிடும்.

தண்ணீரும் துருவும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பழுது வந்தால் டேங்க்கைச் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் ஊற்றும் குழாய் உடம்போடு சேரும் இடத்தில் துருப்பிடித்து ஊசி ஓட்டை விழுந்திருக்கும், டயர் தெறிக்கும் தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே. டேங்க்கின் அடியிலிருந்து அரை லிட்டர் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் தண்ணீர், அடியில் பழுப்புத் தூள் இருந்தால் துரு. இரண்டில் எது இருந்தாலும் டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் புதுப் பம்ப் போடாதீர்கள். துரு ஸ்டிரெய்னரை அடைக்கும், பம்ப் பெட்ரோல் கிடைக்காமல் சூடாகும், சீக்கிரமே பழைய கதை.

டேங்குக்குள் இருக்கும் பம்பை மாற்றுதல்

முதலில் பின் சீட் குஷனைத் தூக்கிப் பாருங்கள். கார்பெட்டுக்கு அடியில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ தகடு மூடி இருந்தால் அதிர்ஷ்டம், சான்ட்ரோ போன்றவற்றில் இப்படித்தான். மூடி இல்லையென்றால் டேங்க்கையே இறக்க வேண்டும். தரையை வெட்டி மூடி செய்யும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் கிரைண்டர் தீப்பொறி, வெட்டிய ஓரத்தில் உப்புக்காற்று. வேண்டவே வேண்டாம்.

வாங்க வேண்டியவை: பம்ப், அதற்குப் பொருந்தும் ஸ்டிரெய்னர், டேங்க் மூடியின் புது பேக்கிங் அல்லது ஓ-ரிங், வெளி ஃபில்டர், ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஹோஸ் அரை மீட்டர், அதற்கான கிளிப்புகள், செம்பு வாஷர். டேங்குக்குள்ளே போடும் ஹோஸுக்கு ஆர்10 வகைதான் வேண்டும், சாதாரண ஹோஸ் வெளிப்பக்கமிருந்து பெட்ரோலில் ஊறி உப்பி வெடிக்கும். பழைய பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நீளம், குறுக்களவு, கனெக்டர் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். ராமேஸ்வரத்தில் கிடைக்காவிட்டால் ராமநாதபுரம், அங்கும் இல்லையென்றால் மதுரை. போன பிறகு ‘பேக்கிங்கை மறந்துட்டேன்’ என்றால் திரும்பப் போகிற தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

வேலைக்கு முதல் நாள் மாலையே டேங்க் ஸ்ட்ராப் போல்ட்டுகள், மூடி ஸ்க்ரூக்கள் எல்லாவற்றிலும் துருநீக்கி ஆயில் அடித்து ஊற விடுங்கள். இங்கே ஓடிய வண்டியில் அவை கையோடு திரும்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் கால் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி வாருங்கள். ஒரே மூச்சில் திருகினால் தலை முறியும்.

டேங்க்கில் கால்வாசிக்குக் கீழே பெட்ரோலைக் குறைத்துவிடுங்கள். 20 லிட்டர் பெட்ரோலே 15 கிலோ கனம், அது உள்ளே அலையடித்து டேங்க்கைக் கவிழ்க்கப் பார்க்கும். ஊற்றும் குழாய் ஹோஸையும் பிரீத்தர் ஹோஸையும் கழற்றிய பின், டேங்க்குக்கு அடியில் பிளைவுட் வைத்த டிராலி ஜாக்கியைக் கொடுத்து ஸ்ட்ராப்பைத் தளர்த்துங்கள். ஒரு சாண் இறக்கி நிறுத்தி, மேலே கையை விட்டு ஒயர் கனெக்டரையும் ஹோஸ்களையும் பிரியுங்கள். எது வரவு, எது ரிட்டர்ன் என்று பெயிண்ட் புள்ளி வைத்துக்கொண்டு செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். படம் எடுப்பதெல்லாம் டேங்க்கைத் திறக்கும் முன்பு. பிறகு போனைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

பம்ப் மூடியைச் சுற்றி மணலும் துருவும் வரப்பு கட்டியிருக்கும். திறக்கும் முன் பிரஷால் கூட்டி, காற்றடித்து, ஈரத் துணியால் துடையுங்கள். இல்லையென்றால் அத்தனையும் உள்ளே விழும். ஸ்க்ரூக்களைக் குறுக்குமறுக்காகத் தளர்த்துங்கள். மூடி எந்தத் திசையில் இருந்தது என்று ஒரு கோடு போட்டுவிட்டுச் சாய்த்துத் தூக்குங்கள், ஃப்ளோட் கம்பி வளைந்தால் பிறகு மீட்டர் பொய் சொல்லும்.

உள்ளே பார்க்க மூடிய எல்.இ.டி. டார்ச் மட்டும், அதையும் தள்ளி நின்று ஆன் செய்துகொண்டு வாருங்கள். ஒயர் இழுத்த குண்டு பல்ப் கூடவே கூடாது. உள்சுவர் பழுப்பாக இருந்தால் டேங்க்கை முழுக்கக் காலி செய்து, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரும் ஒரு கைப்பிடி நட்டுகளும் போட்டுக் குலுக்குங்கள். போட்ட நட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டு எண்ணியே எடுங்கள். போர் தண்ணீர் இங்கே பல இடங்களில் உப்பு. கழுவுவதற்குக் காவிரிக் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள். கடைசியாக வெயிலில் வாய் திறந்து உலர விடுங்கள். ஓட்டை இருந்தால் சோப்பு அப்பி அடைப்பது ஊர் போய்ச் சேர மட்டும் உதவும். பெட்ரோல் டேங்க்கை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகும்போது, காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே நிற்பது ஆவி. பெட்ரோல் டேங்க் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பம்பைப் பொருத்தும்போது மூன்று விஷயம் கவனம். பிளஸ், மைனஸ் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், சத்தம் வரும், அழுத்தம் வராது. ஸ்டிரெய்னர் பழையது இருந்த அதே கோணத்தில், டேங்க் தரையைத் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். மேலே தூக்கி நின்றால் கால் டேங்க்கிலேயே வண்டி நிற்கும். அடியில் இருந்த ரப்பர் மெத்தையை விட்டுவிட்டால் சத்தம் காதைக் குடையும். வெளியில் வைத்து ‘ஓடுதா பார்ப்போம்’ என்று வறட்டுத்தனமாக ஓட்டாதீர்கள், பெட்ரோல்தான் அதற்கு எண்ணெய்.

மூடி பேக்கிங்கில் சிலிக்கான் பசையோ ஷெல்லாக்கோ தடவ வேண்டாம். சிலிக்கான் பெட்ரோலில் ஊறித் துண்டு துண்டாக உதிர்ந்து புது ஸ்டிரெய்னரையே அடைக்கும். ஓ-ரிங்கில் துளி பெட்ரோல் தொட்டு வைத்தாலே வழுக்கி உட்காரும். ஸ்க்ரூக்களைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டேங்க்கை ஏற்றும் முன் ஸ்ட்ராப்பின் உள்பக்கத்தையும் டேங்க்கின் மேல்பக்கத்தையும் துருத் தடுப்புப் பெயிண்ட் அடித்துக் காய வைத்துவிடுங்கள், இன்னொரு முறை அங்கே கை எட்டாது.

பத்து லிட்டர் ஊற்றி, பேட்டரியை மாட்டி, செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஐந்தாறு முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமில்லை என்றால் ஸ்டார்ட். கால் மணி நேரம் ஐடிலில் விட்டு அழுத்தத்தை மறுபடி அளந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே பெட்ரோல் வாடை வருகிறதா பாருங்கள்.

ஏ.சி. பம்ப் வண்டிகள்

இங்கே வேலை எளிது, ஏமாறும் இடங்களும் உண்டு. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தால் துடிப்பு துடிப்பாக, பலமாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் முனையில் கழற்றி எர்த் செய்துவிட்டு அடியுங்கள். நன்றாகப் பீச்சினால் பம்ப் நிரபராதி, கார்புரேட்டர் நீடில் வால்வைப் பாருங்கள்.

பீச்சவில்லை என்றால் டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ்தான் முதல் சந்தேகம். அதில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். வெளியே காய்ந்தே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கண்ணாடி ஃபில்டரில் குமிழி ஓடினால் இதுதான். சோதிக்க, பம்பின் இன்லெட்டில் புது ஹோஸ் மாட்டி மறுமுனையை ஒரு பெட்ரோல் கேனில் விட்டு அடித்துப் பாருங்கள். பீச்சினால் பழுது லைனில் இருக்கிறது, பீச்சாவிட்டால் பம்பில்.

பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் பெட்ரோல் சொட்டினால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. அப்படியே இன்ஜின் ஆயில் கம்பியையும் இழுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங் போகும். பம்போடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்று, ஆறியதும் தானே ஓடும் வண்டிக்கு வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) இருக்கலாம். பம்பின் மேல் ஈரத் துணி போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள், உயிர் வந்தால் அதுதான். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே சூட்டைத் தடுக்க இருக்க வேண்டிய பேக்லைட் கட்டையை முன்பு யாரோ விட்டுவிட்டார்களா என்று பாருங்கள்.

மாற்றும்போது மாருதி பம்பில் வரவு, போக்கு, ரிட்டர்ன் என்று மூன்று ஹோஸ் இருக்கும், அடையாளம் வையுங்கள். இரண்டு போல்ட்டைத் தளர்த்தும்போது ஸ்பிரிங் தள்ளினால் எக்சென்ட்ரிக் மேலே நிற்கிறது. டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளினால் அழுத்தம் விட்டுவிடும். ராட் இருக்கும் வண்டியில் அது நழுவி விழாமல் பிடியுங்கள், முனை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். தேய்ந்த ராடுடன் புதுப் பம்பும் பழைய பம்ப் போலத்தான் நடக்கும். பேக்கிங்கின் தடிமன் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அதிகம் போட்டால் லிவர் முழுத் தூரம் நகராது, குறைத்தால் டயஃப்ரம் அளவுக்கு மீறி இழுபட்டுக் கிழியும். மாருதியில் ஹெட் அலுமினியம், போல்ட்டை மாறிமாறி, அளவோடு இறுக்குங்கள். அம்பாசடரில் கைலிவர் இருந்தால் கார்புரேட்டர் நிறையும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம், பேட்டரி மிச்சம். பழைய பம்புக்கு டயஃப்ரம் கிட் வாங்கும்போது எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள், வருடக்கணக்கில் கடையில் தூங்கிய ரப்பர் இன்றைய பெட்ரோலில் சுருங்கியோ உப்பியோ போகும்.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் நல்ல பம்ப் கிடைக்காமல் மின்பம்ப் மாட்டுகிறவர்கள் உண்டு. தவறில்லை, ஆனால் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. தரும் கார்புரேட்டர் வகைதான் வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. பம்பை மாட்டினால் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் வழியும். டேங்க்குக்குப் பக்கத்தில், தாழ்வாக, தனி ஃபியூஸ், தனி ரிலேயோடு மாட்டுங்கள். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகக் கரண்ட் கொடுத்தால் இன்ஜின் நின்றதும் பம்பும் நிற்கும், விபத்தில் அது உயிர் காக்கும். பழைய ஏ.சி. பம்பைக் கழற்றிவிட்டு அந்த வாயைத் தகடும் பேக்கிங்கும் வைத்து மூட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஆயில் முழுக்க வெளியே வந்துவிடும்.

எந்த வகைப் பம்பாக இருந்தாலும் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹோஸ் கிளிப்புகளை ஒருமுறை இறுக்கி, ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். துணி பழுப்பானால் டேங்க் இன்னும் உதிர்கிறது. பம்பைத் தொடாமல் டேங்க்கை இறக்குங்கள்.